நான் விடச் சொன்ன சங்கு

நாடக வாத்தியார் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் என் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்ப்பார். எங்கே, ஒரு வசனம் பேசிக் காட்டுங்கள் என்பார். எனக்கு நடிக்க வராது. இருபத்தாறு வருஷ வேலையில் ஒரு நாள்கூட வெளிச்சம் விழுகிற பக்கம் நான் நின்றதில்லை. நான் சொல்லிக் கொடுத்ததெல்லாம் திரைக்குப் பின்னால் நடக்கிற வேலை. விளக்கு, ஒலி, சாமான், உடை, எல்லாவற்றுக்கும் மேலே நேரம். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வொகேஷனல் பாடமாக இதைச் சில பள்ளிகளில் அரசு தொடங்கியது. அதில் ஒன்று இடுக்கி மலைமேல் தேயிலை எஸ்டேட்டுக்கு நடுவே இருந்த எங்கள் பள்ளி.

ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. இப்போது என் இடத்தில் இருக்கும் டீச்சர் போன மாதம் போன் செய்தார். இனிமேல் எல்லாம் டேப்லெட்டிலாம், பேனாவில் எழுதுகிற க்யூ நோட்டை எடுத்துவிட்டார்களாம். பள்ளி மலருக்கு நான் நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "நல்லதா ஏதாச்சும் எழுதுங்க சார்" என்றார். பள்ளிகளுக்கான கலைப் போட்டியான கலோத்சவத்தில் கோப்பை வாங்கியதைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார். கோப்பை அலமாரியில் இருக்கிறது, வேண்டியவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். நான் எழுதப் போவது என் வேலையிலேயே நான் செய்த படுமோசமான காரியத்தை. போட்டால் போடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம். தென்னையும் கடலையுமாக அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். பொள்ளாச்சியிலிருந்து கோயில் நோம்பிக்கு நாடகம் போட வருகிறவர்களின் லைட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குப் புத்தி கெட்டது என்று அப்பா சொல்வார். பிறகு திருச்சூர் நாடகப் பள்ளியில் மூன்று வருஷம் படித்தேன். முதல் வருஷம் ஆணி அடிக்கவும் கயிறு முடியவும் கற்றுக்கொண்டேன். இரண்டாம் வருஷம் ஷாக் அடிக்காமல் வயர் இழுக்கக் கற்றுக்கொண்டேன். மூன்றாம் வருஷம் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கற்றுக் கொடுத்தார்கள். அது மட்டும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

மலைக்குப் போன முதல் நாளே பிள்ளைகள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து நாலு தலைமுறைக்கு முன் கொழுந்து பறிக்க வந்தவர்களின் பிள்ளைகள். நானோ பதினாறு வயசுப் பிள்ளையையும் "வாங்க, உக்காருங்க, ஏனுங்க எழுதலையா" என்கிற ஆள். அதனால் நான் "ஏனுங்க சார்" ஆனேன். மைதானத்தில் நான் போனால் பின்னால் இருந்து "ஏனுங்க… ஏனுங்க…" என்று ஒரு குரல் வரும். திரும்பினால் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என் வகுப்பில் எல்லாமே க்யூ நோட்டில்தான் தொடங்கும். க்யூ என்றால் ஒரு மாற்றம் நடக்க வேண்டிய நொடி. விளக்கு மங்குவது ஒரு க்யூ, கதவு தட்டும் சத்தம் ஒரு க்யூ. நீளமான கோடு போட்ட நோட்டில் வலது பக்கம் நாடகத்தை வெட்டி ஒட்டுவோம். இடது பக்கம் ஆறு கட்டம். க்யூவின் எண், எந்த வசனத்தில் வருகிறது, யார் இயக்குவது, தயார் சொன்ன நேரம், விடு சொன்ன நேரம். ஆறாவது கட்டத்துக்கு மேலே "சொன்னது" என்று எழுதியிருக்கும். ஒத்திகையிலோ நாடகத்தன்றோ யாராவது எதையாவது மாற்றச் சொன்னால், சொன்னவர் பெயர், நேரம், சொன்ன சொல் மூன்றும் அந்தக் கட்டத்தில் ஏற வேண்டும். பேனாவில்தான் எழுத வேண்டும். தப்பானால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கலாம், அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும்.

மேடை நிர்வாகியாக இருக்கிற பிள்ளை பக்கத் திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும். கையில் சிவப்புத் தாள் ஒட்டிய சின்ன டார்ச். "பதினொன்று தயார்" என்று அது சொன்னால், இயக்குகிறவர் "தயார்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம் "விடு". அந்த ஒரு சொல்லுக்குத்தான் கை அசையலாம். "ம்", "போடு", "சரி" எதுவும் செல்லாது. அதனால் நாடகம் நடக்கும்போது திரைக்குப் பின்னால் வேறு யாரும் "விடு" என்ற சொல்லையே சொல்லக் கூடாது. "என் கையை விடுடி" என்று ஒரு பிள்ளை தோழியிடம் சொல்லி, பாதி வசனத்தில் திரை விழுந்திருக்கிறது. சொன்னவர் மறுநாள் எல்லோருக்கும் பன் வாங்கித் தர வேண்டும். நானே மூன்று தடவை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் பிரின்சிபால் ஏலியாம்மா டீச்சர் கோட்டயம் பக்கத்துக்காரர். குள்ளமான உருவம், கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. தமிழில்தான் பேசுவார், ஆனால் தமிழுக்குப் பாதி வழியில் மலையாளம் வந்து ஏறிக்கொள்ளும். அவர் அறைக்குள் போனால் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வார். நாம் வாயைத் திறந்ததும் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளுவார். "மாஷே, பறயண்டா. எழுதித் தா." வாத்தியாரே, பேச வேண்டாம் என்று அர்த்தம். அவ்வளவுதான், வாயால் சொல்வது எதையும் கேட்க மாட்டார். எழுதிக் கொடுத்ததை இரண்டு தடவை வாசிப்பார், இரண்டாம் தடவை வரிக்கு அடியில் விரலை வைத்து. லீவு கேட்கப் போய், அந்த விரல் நகர்வதைப் பார்த்து, லீவே வேண்டாம் என்று திரும்பி வந்த வாத்தியார்கள் உண்டு.

ஜூன் மாதம் புது நோட்டுகள் வந்ததும் பிள்ளைகளின் ரெக்கார்டு, க்யூ நோட்டு எல்லாவற்றிலும் பக்கத்துக்குப் பக்கம் பள்ளியின் வட்ட சீலை அவரே குத்துவார். இரண்டு மதியம் ஆகும். பியூனிடம் கொடுக்கக் கூடாதா என்று ஒரு தடவை கேட்டேன். "பியூன் குத்தினால் சீல். நான் குத்தினால் ஓர்மை" என்றார். ஓர்மை என்றால் அவர்கள் பேச்சில் ஞாபகம். எனக்கு உள்ளூர எரிச்சல்தான் வந்தது. இந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லையா என்று பிள்ளைகளிடமே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷம் பிளஸ் டூ பிள்ளைகள் தாங்களே எழுதிய நாடகம். எஸ்டேட்டில் ஒரு பெண்ணின் ஒரு நாள், ஆட்கணக்கு எடுக்கிற காலை மஸ்டரில் பெயர் கொடுப்பதில் தொடங்கி மாலைச் சங்கு வரை. மேடை நிர்வாகி ஜெபா. ஜெபராணி என்பது முழுப் பெயர். எஸ்டேட் வரிசை வீடுகளை லயம் என்போம், ஆறாம் லயத்தில் அவள் வீடு, அம்மா கொழுந்து பறிப்பவர். அதிகம் பேசாத பிள்ளை, ஆனால் க்யூ நோட்டை அவளை மாதிரி எழுத எனக்கே வராது. இந்த நாடகத்தில் அவள் செய்கிற மேடை நிர்வாகம்தான் அவளுக்குப் பிராக்டிகல். அதில் போனால் பிளஸ் டூவே போச்சு.

பதினேழாவது க்யூ சங்கு. நாங்கள் சங்கு என்பது பேக்டரி சைரனை. ஜெபாவே பேக்டரி வாசலில் நின்று போனில் பதிந்துகொண்டு வந்தாள். வகுப்பறைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டபோதே எனக்கு மயிர் சிலிர்த்தது.

அந்தச் சங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது ஒரு நாளைக்கு நாலு தடவை ஊதும், வேலைக்கு, சாப்பாட்டுக்கு, திரும்ப வேலைக்கு, வீட்டுக்கு. நான் அங்கே போவதற்குப் பல வருஷம் முன்பு, ஒரு மழைக்காலத்தில் கீழ் லயங்களுக்குப் பின்னால் மலை சரிந்து ஆட்கள் செத்துப் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு. நேரமில்லாத நேரத்தில் சங்கு ஊதினால், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறி வந்துவிட வேண்டும். எனக்கும் அது தெரியும். ஆனால் தெரிந்து வைத்திருப்பது வேறு, அடிவயிற்றில் இருப்பது வேறு. கோபாலபுரத்துக்காரனுக்கு மழையைக் கண்டால் சந்தோஷப்படத்தான் தெரியும்.

நாடகம் ஐப்பசியில், ஒரு சனிக்கிழமை மதியம் மூன்றரைக்கு. ஹாலில் இருநூறு பேர் உட்காரலாம். நம் பிள்ளைகள் எழுதிய நாடகம், வேலையில் இருக்கிற தாய்மார்களுக்கும் கேட்க வேண்டாமா என்று எனக்கு ஓர் ஆசை. மாதா கோயில் திருவிழாவுக்கு வைத்திருந்த இரண்டு கூம்பு ஸ்பீக்கர்களைக் கேட்டு வாங்கிப் பள்ளிக்கூடத்து மேட்டில் கட்டினேன், வாய் பள்ளத்தாக்கைப் பார்த்து. யாரும் சொல்லவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. எல்லாம் என் தலைக்கனம்.

அன்றைக்குக் காலையிலிருந்து நசநசவென்று மழை. மதியம் ஜெபா என்னிடம் வந்தாள்.

"சார், வசனம் வெளிய போகட்டும். சங்க மட்டும் உள்ள ஸ்பீக்கர்ல வச்சுக்கிடுவோம் சார்."

"ஏனுங்க?"

"மழ பெய்யுதுல்லா. நேரங்கெட்ட நேரத்துல சங்கு கேட்டா லயத்துல உள்ளவங்க என்னன்னு நெனப்பாங்க?"

"நாடகம்னு ஊருக்கே நோட்டீசு குடுத்திருக்குதுங்க. அதெல்லாம் நெனைக்க மாட்டாங்க. அப்புடியே மெரண்டாங்கன்னு வைங்க, அதுதான் உங்களுக்கு முழு மார்க்கு."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டு போனாள். என்ன எழுதினாள் என்று பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நாடகம் நன்றாகவே போனது. பதினேழாவது க்யூ வந்தது. நான் முன்வரிசை ஓரத்தில் இருந்தேன். பக்கத் திரை இடுக்கில் ஜெபாவின் முகம் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்ட இன்னும் நேரம் இருந்தது. நான் விடு என்று தலையசைத்தேன். "பதினேழு தயார்" என்றாள். அப்புறம் "விடு" என்ற குரல் எனக்குக் கேட்டது.

சங்கு மலைக்கு மலை மோதித் திரும்பியது. நான் கைதட்டலை எதிர்பார்த்தேன். ஹாலுக்குள் நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களே எழுந்துவிட்டார்கள். கண்ணுக்கு எதிரில் நாடகம் நடக்கிறது, அதற்குள் சங்கு ஊதுகிறது என்று தெரியும். தெரிந்தும் கால் நிற்கவில்லை. பெஞ்சுகள் சாய்ந்தன. "எம் புள்ள கீழ இருக்குடி" என்று ஒரு பெண் கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். ஜெபா உடனே "நிறுத்து" என்றாள். நாற்பது நொடி ஊத வேண்டிய சங்கு பத்துப் பன்னிரண்டு நொடியில் நின்றது. அந்தப் பத்து நொடியே போதுமாக இருந்தது.

வெளியே வந்து பார்த்தேன். எதிர் மலையில் பச்சைக்குள்ளிருந்து ஆட்கள் கொழுந்துச் சாக்கை எறிந்துவிட்டு ஓடி வந்தார்கள். லயங்களிலிருந்து சோற்றுக் கையோடு கிழவர்கள். மைக்கைப் பிடுங்கி "நாடகம்ங்க, நாடகம், யாரும் ஓடாதீங்க" என்று கத்தினேன். அதற்குள் பிள்ளைக் காப்பகத்து ஆயா ரோசம்மா இரண்டு கைக்குழந்தைகளை இடுப்புக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு பாதிப் படி ஏறியிருந்தார். பாசிப் படியில் வழுக்கியது. குழந்தைகளை விடாமல் தன் கையைக் கீழே கொடுத்து விழுந்தார். குழந்தைகளுக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. அவருடைய வலது முன்கை எலும்பு இரண்டாக ஒடிந்துவிட்டது.

திங்கள்கிழமை எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி கடிதத்தோடு வந்தார். பள்ளி மாணவி ஒருத்தியின் விளையாட்டுத்தனத்தால் வேலை நின்றது, ஒருவருக்குக் கை முறிந்தது, அந்த மாணவியைப் பரீட்சைக்கு உட்கார வைத்தால் போலீசில் மனுக் கொடுப்போம் என்று எழுதியிருந்தது. "விடு" என்று சொன்னது யார் என்று அவர் விசாரித்திருக்கிறார். ஒலிப்பெட்டியில் இருந்த பிள்ளை பயந்துபோய் உள்ளதைச் சொல்லியிருக்கிறது. ஜெபாக்காதான் சொன்னாங்க.

ஏலியாம்மா டீச்சர் கடிதத்தை விரல் வைத்து இரண்டு தடவை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். எப்போதும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன், அன்றைக்கு வாயே திறக்கவில்லை. வேலை, வீட்டுக் கடன், கோபாலபுரத்தில் அப்பாவின் முகம் எல்லாம் ஒன்றாக வந்து முன்னால் நின்றன. பதினேழு வயசுப் பிள்ளையின் தலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"மாஷே, க்யூ நோட்டு நாளைக்குக் காலையில் என்னோட மேசையில் வேணம்" என்றார் டீச்சர்.

மாலை பள்ளி விட்டதும் ஸ்டோர் ரூமில் நோட்டை எடுத்துப் பதினேழாவது க்யூவைப் பார்த்தேன். ஆறாவது கட்டத்தில் அவளுடைய மணிமணியான எழுத்தில் இருந்தது. "மதியம் 12.40. மழை. சங்கை வெளி ஸ்பீக்கரில் விட வேண்டாம் என்று சாரிடம் சொன்னேன். சார் விடச் சொன்னார்." அதற்குக் கீழே, "நிறுத்து – நான்." நான்தான் எழுதச் சொல்லிக் கொடுத்தேன், சொன்னவர் பெயர், நேரம், சொன்ன சொல்.

அப்போது ஜெபாவே கதவருகில் வந்து நின்றாள். கையில் இன்னொரு நீள நோட்டு.

"சார், ஞாயித்துக்கிழம பூரா உக்காந்து புதுசா எழுதிட்டேன். ஒத்திகைத் தாளெல்லாம் எங்கிட்ட இருந்துச்சு. அந்த வரி மட்டும் இதுல கெடையாது."

"எதுக்குங்க?"

"நீங்க போயிட்டா இந்தப் பாடத்தையே எடுத்துருவாங்க சார். கீழ் வகுப்புல பதினெட்டுப் பேரு இருக்காங்க. எனக்கு ஒரு வருசந்தானே. அடுத்த வருசம் எழுதிக்கிடுதேன்."

அழவில்லை. சாமான் கணக்கு ஒப்பிக்கிற குரலிலேயே சொன்னாள். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டேன். "மழை வருது, பாத்துப் போங்க" என்றேன். ஒரு வாத்தியார் சொல்கிற பேச்சா அது!

மறுநாள் காலை புது நோட்டை டீச்சரின் மேசையில் வைத்தேன். அவர் முதல் பக்கத்தைத் திருப்பினார், இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார், மூடினார்.

"மாஷே, இதில் என் சீல் இல்லல்லோ."

சீல் குத்துவது எனக்குத் தெரியாதா? பக்கத்தில் உட்கார்ந்து கிண்டலடித்தவனே நான்தானே. பழக்கமில்லாதவன் திருட்டுத்தனம் செய்தால் இந்த லட்சணத்தில்தான் இருக்கும். அவர் திட்டவில்லை. வழக்கம்போல வெள்ளைத் தாளையும் தள்ளவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார். ஸ்டோர் ரூமுக்குப் போய் உண்மையான நோட்டை எடுத்துவந்து கொடுத்தேன்.

பதினேழாவது க்யூவுக்கு அடியில் அவர் விரல் போனது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

"புதிய நோட்டு ஆர் எழுதியது?"

"ஜெபாங்க. நான் கேக்கலைங்க டீச்சர். ஆனா வாங்கிட்டேன்."

"வாங்கினல்லோ" என்றார். நோட்டை மூடி வைத்துவிட்டுப் பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"ஒரு காரியம் கேட்கணும் மாஷே. எனக்கு அந்தக் குட்டியோட பரீட்சை மாத்திரம் இல்லை பயம். நாளைக்கு நிஜமாயிட்டுச் சங்கு ஊதினால் லயத்து ஆட்கள் ஓடுவார்களா? பிள்ளைகள் விளையாடினார்கள் என்று நாம் எழுதினால், அடுத்த தடவையும் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று சொல்லி அடுப்படியில் இருப்பார்கள். குட்டி தெற்று செய்தால் ஆட்கள் சங்கைச் சந்தேகிப்பார்கள். மாஷ் தெற்று செய்தால் மாஷை மாத்திரம் சந்தேகிப்பார்கள். மனசிலாயோ?"

தெற்று என்றால் தப்பு. மனசிலாச்சு. ஒரு பெரிய மனுஷன், பெயர் சொல்லி, முகத்தைக் காட்டி, நான்தான் இதைச் செய்தேன் என்று அவர்கள் முன்னால் நிற்க வேண்டும். அப்போதுதான் அது சங்கின் குற்றம் இல்லை என்று ஆகும். அந்த ஆள் நான். வெள்ளைத் தாளைக் கேட்டு நானே வாங்கினேன். பெண்ணின் மேல் தப்பில்லை, அவள் வேண்டாம் என்று சொன்னாள், நான் விடச் சொன்னேன், நோட்டை மாற்றிக் கொடுத்ததும் நான்தான். எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு மெமோ வந்தது, ஒரு வருஷ இன்கிரிமென்ட் நின்றது. பாடத்தை எடுத்துவிட மேலிடத்தில் பேச்சு வந்தபோது டீச்சர் அந்த க்யூ நோட்டையே அனுப்பிவைத்தார் என்று பிறகு தெரிந்தது. இப்படி எழுதப் பழகிய பிள்ளைகள் இருக்கிற பாடத்தை ஏன் நிறுத்த வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தாராம்.

ஆனால் தாளில் எழுதுவது சுலபம். எஸ்டேட்டில் மூன்று டிவிஷன், மூன்று மஸ்டர். மூன்று காலை, ஆறரை மணிக்கு, கொழுந்துச் சாக்கோடு நிற்கிற பெண்களுக்கு முன்னால் போய் நின்றேன். முதல் நாள் குரலே எழும்பவில்லை.

"நான்தானுங்க சங்க விடச் சொன்னேன். அந்தப் புள்ள வேண்டாம்னு சொல்லுச்சு. நான் கேக்கலைங்க. இனிமேலு பள்ளிக்கூடத்துல இருந்து எந்தச் சங்கும் வராது. கேட்டுச்சுன்னா அது பேக்டரி சங்குதான். ஓடியாந்தரோணும்."

"உங்க பிள்ள லயத்துல கெடந்தா இப்பிடிச் செய்வீகளா?" என்று ஒரு அம்மாள் கேட்டார். இன்னொருவர், "ஏனுங்க சாரு, இனி நாங்க எத நம்ப?" என்று என் பேச்சையே எனக்குத் திருப்பினார். யாரும் சிரிக்கவில்லை.

"என்னைய நம்ப வேண்டாமுங்க. சங்க நம்புங்க. என்னைய வையோணும்னா, முதல்ல ஓடியாந்து மேட்டுல நின்னுட்டு அப்பறமா எவ்வளவு வேணும்னாலும் வைங்க" என்றேன். அதற்குப் பின்னால் வரிசையில் ஒரு சலசலப்பு. அது கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குப் புரியவில்லை.

ரோசம்மாவின் வீட்டுக்கும் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "கை கூடிரும் சார்" என்றார். "ஏறி வரும்போது நான் என்ன நெனச்சேன் தெரியுமா? ரெண்டு பிள்ளையத்தான் தூக்க முடிஞ்சிது. தொட்டில்ல இன்னும் நாலு கெடந்துச்சு. அத விட்டுட்டுல்லா வந்தேன். நாடகம்னு சொன்ன பெறகும் எனக்கு அது ஆறல." அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்து அன்றைக்கு நான் அழுதேன்.

ஜெபா பரீட்சை எழுதினாள், பாஸானாள். இப்போது கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்கு மேடை நிர்வாகம் பார்க்கிறாள். ஆனால் அவள் என்னிடம் பல நாள் சரியாகப் பேசவில்லை. நோட்டு விஷயம் தெரிந்ததும், "நான் அவ்வளவு கஷ்டப்பட்டு எழுதுனேன், நீங்க மாட்டிக்கிட்டீங்களே சார்" என்று கோபித்துக்கொண்டாள். அவளுக்கு வந்த கோபம் அதற்குத்தான். என்ன பிள்ளையோ!

நான் மஸ்டரில் போய் நின்று மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. நாலு நாள் விடாத மழை. ஒரு முற்பகல், பதினொரு மணி இருக்கும், பேக்டரி சங்கு ஊதியது. சாப்பாட்டு நேரம் இல்லை. அன்றைக்கு ஐந்தாம் லயத்தின் பின்கட்டு மூன்று வீட்டு நீளத்துக்கு மண்ணோடு போனது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண் சரிந்தபோது உள்ளே ஒருவரும் இல்லை, எல்லோரும் ஏறி வந்திருந்தார்கள். ஆனால் சங்கு ஊதத் தொடங்கியபோது எங்களுக்கு அது தெரியாது.

ஏலியாம்மா டீச்சர் குடையோடு கேட்டைத் திறந்துவிட்டு நடுவில் நின்றார். ஜெபாவும் என் வகுப்புப் பிள்ளைகளும் யாரும் சொல்லாமலே பாதையின் வளைவுகளில் ஆளுக்கு ஒரு இடமாக நின்றார்கள். நான் படிக்கு மேலே நின்றேன். சங்கு ஊதி ஊதி நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பாதையில் ஒருவரும் வரவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. வரமாட்டார்கள், என்னால்தான் வரமாட்டார்கள், லயத்துக்குள் உட்கார்ந்து நாடகம் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குள் ஒரே ஓலம். நான் இறங்கி ஓட ஒரு கால் எடுத்து வைத்துவிட்டேன்.

அப்போது வளைவில் ரோசம்மா ஏறி வந்தார். வலது கை கட்டோடு கழுத்தில் தொங்குகிறது, இடது இடுப்பில் ஒரு குழந்தை. என்னைப் பார்த்ததும் நாலு படிக்குக் கீழேயே நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது.

"சார், இது உங்க சங்கா, எங்க சங்கா?"

"உங்க சங்குதாங்க. நெசமான சங்குங்க."

என் முகத்தையே ஒரு நொடி பார்த்தார். பிறகு மீதிப் படியையும் ஏறி வந்தார். "அப்ப இவளப் பிடிங்க" என்று குழந்தையை என் கையில் கொடுத்தார். பள்ளத்தைப் பார்த்துத் திரும்பி, அடித்தொண்டையில் இருந்து கத்தினார்.

"ஏ, நெசந்தாம்ட்டீ! சாரே சொல்லுதாக! தொட்டில்ல ஒண்ணு விடாமத் தூக்கிட்டு ஏறி வாங்க!"

வளைவுக்குக் கீழே இருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.